அவசரச் சோறு

ஒவைஸ் ரசஞ்சோற்றிலிருந்து பதினேழாவது கடுகைப் பொறுக்கியெடுத்து, தட்டின் ஓரத்தில் மற்ற பதினாறோடு வரிசையில் நிறுத்தினான்.

"டேய், சோறு துன்றியா, கடுகு எண்ற வேலைக்குச் சேர்ந்துகிறியா?" என்றான் அமீருதீன்.

"கடுகு என்னையே பாக்குது அத்தா."

"கடுகுக்கு ஏதுடா கண்ணு?"

"கறுப்பா ரவுண்டா கீதே, அதான் கண்ணு."

ஒன்பது வயதுப் பிள்ளையோடு வாதாடி ஜெயித்த தகப்பன் காலடிப்பேட்டையில் இதுவரை கிடையாது. அமீருதீன் மகள் பக்கம் திரும்பினான். ரிஃபானாவுக்குப் பதிமூன்று வயது. அவள் தட்டைத் தொடவேயில்லை. ரசத்தில் தக்காளித் தோல் மிதக்கிறதாம். தோலைப் பார்த்தாலே தொண்டைக்குள் என்னமோ பண்ணுகிறதாம்.

"நேத்து முட்டை வெச்சேன். வேணாம்னே."

"மஞ்சக்கரு தூள் தூளா இருந்துச்சு."

"முந்தாநேத்து சப்பாத்தி."

"அது சப்பாத்தியா அத்தா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்.

எட்டு மணிக்கு மனைவி சாபிராவின் போன் வந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. மூன்று வாரமாக மதியம் ஒன்றரை முதல் ராத்திரி ஒன்பது வரை ஷிஃப்ட். நாலு வாரம் ஒழுங்காகப் பார்த்துவிட்டால் அந்த ஷிஃப்டுக்கே அவள்தான் பொறுப்பாளர் என்று டாக்டர் பெர்சிஸ் சொல்லியிருந்தார். இது நாலாவது வாரத்தின் திங்கட்கிழமை. அமீருதீன் கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் சரிபார்க்கிறவன்; விடிவதற்கு முன் போய் மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுவான். அதனால் ராத்திரிச் சாப்பாடு அவன் பொறுப்பு. 'பதினாலு வருஷம் நீ ஆக்குன, ஒரு மாசம் நான் ஆக்க மாட்டனா?' என்று மார்தட்டி அவனேதான் ஏற்றுக்கொண்டான்.

"புள்ளைங்க துன்னாங்களா?" என்றாள் சாபிரா.

"துன்னாங்க."

"இன்னா துன்னாங்க?"

அமீருதீனுக்குப் பொய் வராது. "பிஸ்கட்டு."

மறுமுனையில் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ஒவைஸோட மிஸ்ஸு போன் பண்ணாங்க. பிரேயர்ல தலை சுத்துதுன்னு உக்காந்துட்டானாம். ராத்திரியும் துன்றதில்ல, காலைலயும் துன்றதில்ல. எனக்கு பேஜாரா கீதுங்க. இந்த வாரமும் இப்டியே போச்சுன்னா, வேணாம்னு டாக்டராண்ட சொல்லிர்றேன்."

"அய்ய, அவசரப்படாத சாபிரா."

ஒவைஸ் பிறந்தபோது அவள் ஒரு வேலையை விட்டாள். அமீருதீனின் அம்மா படுத்த படுக்கையானபோது இன்னொன்றை விட்டாள். இரண்டு தடவையும் 'பரவால்லங்க' என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை மூன்றாம் தடவை பார்க்க அமீருதீனுக்குத் தெம்பில்லை. அவளுக்கு எப்படியாவது தைரியம் சொல்ல வேண்டுமே என்ற தவிப்பில் வாயை விட்டான்.

"எங்கம்மா வேலைக்கும் போயிட்டு வந்து, அரை மணியில மூணு புள்ளைங்களுக்கும் ஆக்கிப் போட்டாங்க. ஒரே சட்டி. யாரும் ஒரு பேச்சு பேச மாட்டோம். அந்த அவசரச் சோத்த நான் ஆக்கிக் காட்றேன், புள்ளைங்க துன்றாங்களா இல்லையான்னு பாரு."

சாபிராவின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

"சரிங்க. எனக்குத்தான் துப்பில்ல," என்று போனை வைத்துவிட்டாள்.

அவசரச் சோறு என்பது அந்தக் குடும்பத்தில் மட்டும் புழங்குகிற பெயர். ராயபுரத்தில் ஐந்து குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்றிருந்த வரிசை வீட்டில் அமீருதீன் வளர்ந்தான். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள். சாயங்காலம் ஆறே காலுக்குப் புடவையெல்லாம் நூல்பிசிறோடு வந்து சேர்வாள். பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு மதரசாவுக்கு ஓதப் போய்விடுவார்கள். அந்திக்கு மஃரிப் தொழுகை முடிந்துதான் திரும்புவார்கள். அப்போது ஹார்பரில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டும் அத்தா வாசலில் முக்காலி போட்டு, பேப்பரை விரித்து, முகம் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டிப் போகவே பயமாக இருக்கும்.

அம்மா சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் இருப்பாள். அரை மணி. அரையே மணி. பிறகு உள்ளேயிருந்து ஒவ்வொரு பெயராக அழைப்பு வரும். அந்தச் சமையல்கட்டில் ஒருவர்தான் உட்கார முடியும். தட்டில் ஆவி பறக்கும் சோறு, எதிரில் அம்மாவின் கண்ணாடி வளையல் சத்தம், ஹார்பர் பக்கமிருந்து கப்பல் ஊதுகிற சத்தம். தட்டை வழித்து நக்கிவிட்டு ஒருவர் வெளியே வந்தால் அடுத்தவர் உள்ளே போக வேண்டும். யாரும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதை நினைத்தால் நாற்பத்திரண்டு வயதிலும் அமீருதீனுக்கு நாக்கில் தண்ணீர் ஊறும், கண்ணிலும் கொஞ்சம் ஊறும். அத்தா போய்ப் பன்னிரண்டு வருஷம், அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை யார்டிலிருந்து வரும்போதே இரண்டு தேங்காய் வாங்கி வந்தான். செய்முறையை யாரும் எழுதி வைக்கவில்லை, அவன் நாக்கில்தான் இருந்தது. தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, ஒரு துண்டு பட்டை. அம்மாவுக்கு அரை மணி. அமீருதீனுக்குத் தேங்காய் உடைக்கவே இருபது நிமிஷம். ஒரு மூடி எகிறிப்போய்க் கீழ்வீட்டு பால்கனியில் விழுந்தது. அதை மன்னிப்புக் கேட்டு வாங்கி வர இன்னொரு கால் மணி. நாலரைக்கு ஏற்றிய சட்டி ஏழு மணிக்கு இறங்கியது.

"இது பாயாசமா, சோறா?" என்றாள் ரிஃபானா.

"சோறு."

"சோறுன்னா ஏன் பாயாசம் மாதிரி கீது? பாயாசம்னா ஏன் உருளைக்கெழங்கு கீது?"

ஒவைஸ் ஒரு வாய் வைத்தான். மென்றான். "கடுகு இல்ல," என்றான். அமீருதீனின் வயிறு குளிர்ந்தது. பையன் இன்னும் கொஞ்சம் மென்றான். "ஆனா வேற எதுவுமே இல்ல அத்தா."

பிஸ்கட் டப்பா திறக்கப்பட்டது. அமீருதீன் தனியாக உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டான். அவனுக்கு அது அச்சு அசல் அம்மாவின் சோறாகவே இருந்தது. பிறகு ஏன் இதுகள் சாப்பிடவில்லை என்று அவனுக்கு விளங்கவேயில்லை. ஏதோ ஒரு பொருளை மறந்திருக்கிறோம் என்று முடிவுக்கு வந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மணலி புதுநகரிலிருக்கும் அக்கா ஜஸீமாவுக்குப் போன் போட்டான். கையில் அரிவாள்மணை இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தான். அம்மா சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் தன்னுடைய சொல்தான் கடைசிச் சொல் என்று ஜஸீமா தானே தீர்மானித்துப் பல வருஷமாகிறது.

"தேங்காப்பாலா? எவன் சொன்னது? அமீரு, அப்ப ஒனக்கு ஏழு வயசு. மூக்க தொடைக்கத் தெரியாது, ஒனக்கு ருசி தெரியுமா? அவசரச் சோறுன்னா பாசிப்பருப்பு. நெய்யி. நாலு மொளகு. கொஞ்சம் கீரை. கொழையக் கொழைய இருக்கும்."

"அக்கா, உருளைக்கெழங்கு..."

"நான் மூத்தவ. உங்களுக்கெல்லாம் முன்னால துன்னவ." அவள் மூச்சு வாங்கினாள். "ஆமா, நீ ஏன் ஆக்குற? சாபிராவுக்கு இன்னா?"

"ஷிஃப்டுக்கா."

"நல்லா கீது கதை. நம்ம அத்தா ஒரு நாளு அடுப்பாண்ட வந்துருப்பாரா? தண்ணி குடிக்கணும்னாகூட சொம்பு அவரு கைக்கு வரணும். அப்டியாப்பட்ட மனுஷன வெச்சிகினு, அம்மா வேலைக்கும் போச்சு, அரை மணியில நமக்கும் ஆக்கிப் போட்டுச்சு. வேலைக்குப் போறதுன்னா ஒரு சாமர்த்தியம் வேணும் அமீரு. இல்லாதவங்க வூட்ல இருந்துக்கணும்."

ரிஃபானா பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜஸீமா பேசியதை அன்றே தன் அம்மாவிடம் வரி விடாமல் ஒப்பித்தாள். திருக்குறள்கூட அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் ஆனதில்லை.

பருப்புச் சோற்றைப் பார்த்த ஒவைஸ் தன் நெற்றியில் தானே கை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

"எனக்கு ஜொரமா அத்தா?"

"இல்லியேடா."

"அப்ப ஏன் ஜொரக்கஞ்சி?"

ரிஃபானா கீரையை ஒவ்வொரு இலையாக எடுத்துத் தட்டுக்கு வெளியே போட்டாள். கடைசியில் சோறும் கீரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. அமீருதீன் தானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தான். இந்தச் சோற்றை வாழ்க்கையில் அவன் சாப்பிட்டதேயில்லை. அக்காவுக்கு ஞாபகம் குழம்பிவிட்டது, பாவம், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு அவனே பிஸ்கட் டப்பாவைத் திறந்து கொடுத்தான்.

வியாழக்கிழமை எண்ணூரில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் முபாஷிரைக் கேட்டான். முபாஷிர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"பருப்பா! தேங்காப்பாலா! டேய், ரெண்டு பேரும் எந்த வூட்லடா வளந்தீங்க? அம்மா சோறு துன்னா கண்ணுல தண்ணி ஊத்தும். சென்னாகுன்னிடா!"

சென்னாகுன்னி என்பது பொடி இறால் கருவாடு. விரல் நகத்தளவுகூட இருக்காது, வாசனையோ தெருவைத் தாண்டும்.

"எவ்ளோ போடணும்ணே?"

"ரெண்டு கை. காஞ்ச மொளகா ஒரு கை. எண்ணெய்ல போட்டு கருக வறுக்கணும். அதான் சூட்சுமம். அப்புறம் பாரு, புள்ளைங்க தட்டையே துன்னுடும்."

அமீருதீன் வெறும் சட்டியைக் காயவைத்து எண்ணெய் ஊற்றி, ஒரு கை மிளகாயை அள்ளிப் போட்டான். பிறகு நடந்ததற்கு அவனை மட்டும் குறை சொல்ல முடியாது.

காலடிப்பேட்டைக்காரர்களுக்கு மூக்குத்தான் ரேடியோ. கிழக்கிலிருந்து காற்று வந்தால் கடல், மேற்கிலிருந்து வந்தால் மணலி ரசாயன ஆலைகள். என்ன வாடை, எவ்வளவு நேரம் இருக்கும், ஜன்னலைச் சாத்தினால் போதுமா, ஈரத்துணி வேண்டுமா என்பதெல்லாம் கைக்குழந்தைக்கும் தெரியும். அன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடித்தது. கீழ்வீட்டு பீம்ராவ் தும்மினார். எதிர்வீட்டில் இருமினார்கள். மாடிப்படியில் யாரோ "எரியுது, எரியுது" என்று கத்தினார்கள். பீம்ராவ்தான் குடியிருப்போர் வாட்ஸப் குழுவுக்குத் தலைவர். ஐந்தாவது தும்மலில் செய்தி போட்டுவிட்டார்: 'கேஸ் லீக்கு மாதிரி கீது. எல்லாரும் மூக்கை ஈரத்துணியால் மூடிக்கினு கீழே வரவும்.'

அமீருதீன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, இருமிக்கொண்டே அந்தச் செய்தியைப் படித்தான். அட ஆமாம், எரிகிறதே என்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் மூஞ்சியில் ஈரத்துண்டைக் கட்டி, இரண்டையும் இரண்டு கையில் பிடித்து, மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு ஓடினான்.

தெருவில் நாற்பது பேர் முகமூடித் திருடர்கள் போல நின்றார்கள். பத்து நிமிஷமாயிற்று. வாடை குறையவில்லை, கூடிற்று. பீம்ராவ் துணியை இறக்கி மூக்கைத் தூக்கினார்.

"விசித்திரமா கீதே. கேஸ் லீக்குல ஏன் கருவாட்டு வாடை வருது?"

ரிஃபானா ஈரத்துண்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள். "அத்தா, அடுப்ப அணைச்சீங்களா?"

அமீருதீன் மேலே ஓடிய வேகத்தை ஓட்டப்பந்தயத்தில் காட்டியிருந்தால் மெடல் கிடைத்திருக்கும். சட்டியின் அடி கழன்று வந்திருந்தது. சுவரில் கரி. சென்னாகுன்னி இருந்ததற்கு அடையாளம் வாடை மட்டும்தான். அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தபோது, கீழே ஆட்டோ வந்து நின்றது. சாபிரா லேபில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி ஓடி வந்தாள். அவளும் அந்த வாட்ஸப் குழுவில்தான் இருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டாளாம். அமீருதீனின் போன் அடுப்பு மேடையில் அடித்து ஓய்ந்திருந்தது.

பிள்ளைகளின் கன்னத்தையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"ரத்தம் எடுக்க ஆள உக்கார வெச்சிட்டு அப்டியே ஓடியாந்துட்டேன். டாக்டரு ஒண்ணும் சொல்லல. 'நாளைக்கு வூட்ல இரு. யோசிச்சு சாயங்காலம் ஏழு மணிக்குள்ள முடிவ சொல்லு, வேற ஆளு பாக்கணும்'னாங்க." கோட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். "உங்கம்மா மாதிரி என்னால முடியாதுங்க. நான் ஒத்துக்குறேன். போதுமா?"

நான் என்ன சொல்ல வந்தேன், அது என்னவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அமீருதீன் நொந்துகொண்டான். ஆனால் அப்போதும் அவன் புத்தி சட்டியைத்தான் சுற்றியது. சரியான செய்முறை மட்டும் கிடைத்துவிட்டால் பிள்ளைகள் சாப்பிடும், சாபிராவின் வேலை நிற்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கிடைக்க மாட்டேனென்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவும் அண்ணனும் தாமாகவே வந்து இறங்கினார்கள். குடும்ப குரூப்பில் விஷயம் பரவியிருந்தது.

"அம்மா பேர கெடுக்குறதுக்குன்னே ஒருத்தன் பொறந்துகிறான்," என்றபடி ஜஸீமா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஒரு கை மொளகான்னா என் கையா, ஒன் கையாடா?" என்றான் முபாஷிர். அவன் கை லாரி டயர் கழற்றுகிற கை.

"பருப்புதான்."

"சென்னாகுன்னிதான்."

"சத்தியமா தேங்காப்பால்," என்றான் அமீருதீன்.

"இரு இரு. சாட்சிக்கு ஆள் வருது," என்றான் முபாஷிர். "கெங்கம்மாக்காவ வரச் சொல்லிகிறேன். அவங்க சொல்லட்டும்."

ராயபுரத்து வரிசை வீட்டில் கெங்கம்மாவுக்கு அடுத்த குடித்தனம். இரண்டு சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், ஒரு சின்னக் கதவு. எழுபதைத் தாண்டியும் காசிமேட்டில் மீன் விற்கிறாள். ஏலம் விட்டுப் பழகிய குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

சாட்சி வருவதற்குள் மூவரும் தனித்தனியாக அடுப்பைப் பிடித்தார்கள். கேஸ் அடுப்பில் ஒருபுறம் பருப்பு, மறுபுறம் தேங்காய்ப்பால், கரண்ட் அடுப்பில் சென்னாகுன்னி. முபாஷிர் முன்னெச்சரிக்கையாகப் படியில் இறங்கி, "சார், இன்னிக்கும் நாங்கதான், பயப்படாதீங்க," என்று பீம்ராவிடம் சொல்லிவிட்டு வந்தான். சாபிரா உள்ளே வரவில்லை. கூடத்து நாற்காலியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி ஆறரை.

சட்டிகள் இறங்கின. யார் சட்டி அம்மாவின் சட்டி என்று மூவரும் கரண்டியை நீட்டிச் சண்டை போட்டதில், பிள்ளைகளை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது ரிஃபானா தரையில் சம்மணம் போட்டு, மூக்கு ஒழுக, கண் ஒழுக, சென்னாகுன்னிச் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பெரியத்தா, இன்னும் கொஞ்சம்."

ஒவைஸ் ஜஸீமாவின் பருப்புச் சோற்றில் பாதித் தட்டைக் காலி செய்திருந்தான்.

"ஜொரக்கஞ்சின்னியேடா?" என்றான் அமீருதீன்.

"உங்கள்து கஞ்சி. மாமிது நெய்யா கீது."

தேங்காய்ப்பால் சோற்றை வழக்கம்போல் அமீருதீன் மட்டும் சாப்பிட்டான். சமையலறை வாசற்படியில் வந்து நின்ற சாபிரா பிள்ளைகளின் தட்டுகளைப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் அமீருதீனுக்குப் போன உயிர் திரும்பியது. தெரிந்தோ தெரியாமலோ ஜஸீமா அந்தச் சிரிப்பின் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.

"இன்னிக்குத் துன்னாங்க, சரி. தெனம் மூணு சட்டி வெக்கிறது யாரு? நீயா அமீரு? நாலு நாளைக்கு வெப்பே. அதான் அம்மா நம்மள ஒரே சட்டியில பழக்குச்சு. பொம்பள வூட்ல இருந்து பழக்கணும்."

சாபிராவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் கெங்கம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நேராக அடுப்பை எட்டிப் பார்த்தாள்.

"அடி ஆத்தாடி! இன்னும் இத வுடலியா நீங்க? அதே மூணு சட்டி!"

"எந்த மூணு சட்டிக்கா?" என்றான் முபாஷிர்.

"இன்னாடா முயிக்கிற? இவளுக்குப் பருப்பு, ஒனக்கு சென்னாகுன்னி, சின்னவனுக்குத் தேங்காப்பாலு. ஒருத்தன் துன்றத இன்னொருத்தன் மோந்துகூடப் பாக்க மாட்டான். உங்கள மாதிரி அழும்பு புடிச்ச புள்ளைங்கள ராயபுரத்துலயே நான் பாத்ததில்ல. மூணு பேருக்கும் ஒரே சோறுன்னு சொல்லி ஏமாத்தி, ஒவ்வொருத்தரா உள்ள கூப்ட்டு, தனித்தனியா போட்டு அனுப்புனா தெரியாம துன்னுட்டுப் போவீங்க."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எடமில்லாததால ஒவ்வொருத்தரா கூப்பிடுதுன்னுல்ல நெனச்சேன்," என்றான் முபாஷிர். நாற்பத்தெட்டு வயசு ஆளின் குரல் எட்டு வயதுப் பையனுடையதைப் போல் இறங்கிவிட்டது.

ஜஸீமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொலபொலவென்று அழுதாள். "அம்மா... நாள் பூரா தையல் மெஷின மிதிச்சிட்டு, கால் வீங்கி வந்து, அரை மணியில எங்களுக்கு மூணு சட்டியா ஆக்குன? ஒரு நாளு சொல்லலியேம்மா நீ." அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, சாபிரா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியாம்மா? ஒண்ணு இல்ல, மூணு. அப்டி இருந்துச்சு எங்கம்மா. அது பொம்பள."

அமீருதீன் வாயைத் திறந்தான். இந்த முறை என்ன சொன்னாலும் தப்பாகத்தான் போகும் என்று மூடிக்கொண்டான்.

மணி ஏழாவதற்கு ஐந்து நிமிஷம் இருந்தது. சாபிரா போனை எடுத்து டாக்டர் பெர்சிஸின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். அமீருதீன் "இரு சாபிரா" என்று கிட்டே போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"சொல்லு சாபிரா, என்ன முடிவு பண்ணே?" என்று டாக்டரின் குரல் அத்தனை பேருக்கும் கேட்டது.

கெங்கம்மா ஜஸீமாவை விநோதமாகப் பார்த்தாள். வெற்றிலையை அடுத்த கன்னத்துக்கு மாற்றினாள்.

"ஏன்டி ஜஸீமா, வெந்நி வெச்சாலே அடி புடிக்க வுட்ற உங்கம்மாளா சோறு ஆக்குனா? தெனம் நாலு மணிக்கு என் வூட்டு அடுப்பாண்ட கதவ சாத்திகினு குந்தி, 'ஹார்பர்ல எவனாண்டயும் சொல்லிடாத கெங்கம்மா, மானம் போயிடும்'னு கெஞ்சிகினே மூணு சட்டியும் ஆக்கினது உங்க அத்தாடி!"